ஊதா மையில் எழுதிய திகதி

அன்று காலை தெய்வானை அக்கா படகின் முனையில் எழுந்து நின்று என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"கப்பல் தம்பி, கொஞ்சம் புடிங்க" என்றார்.

நான் இறங்குதுறையின் கடைசிப் படியில் நின்றிருந்தேன். தண்ணீருக்கு மேல் மூடுபனி படுத்திருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் படகுக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய தூக்குச்சட்டியிலிருந்தோ வந்த ரொட்டி வாசமும் என்ஜின் புகையும் ஒன்றாகக் கலந்திருந்தன. படகோட்டி சிவலிங்கம் வேகத்தைக் குறைத்தான். எல்லா நாளும் போலத்தான் அன்றும்.

அக்காவின் விரல்கள் என் விரல்களைத் தொட்டன. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். படகின் பின்பக்கம் எதிலோ ஏறி விழுந்தது. முன்பக்கம் சட்டென்று திரும்பிப் படியில் இடித்தது. அக்காவின் பாதம் படகுக்கும் சிமெந்துக்கும் நடுவில் இருந்தது.

அவர் கத்தவில்லை. "ஐயோ, செருப்பு போச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு என் தோளில் சாய்ந்துவிட்டார்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொழுந்து லொறியில் கொண்டுபோனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இந்தத் தொடரில் கடல் கதைகளாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைக்குத் திரும்பி வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் இதைச் சொல்வதானால், இதுவரை சொல்லாமல் தள்ளிவைத்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

பழைய ரோட்டுக்கு மேலே

எங்கள் தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். கீழே நீர்த்தேக்கம். தோட்டத்தின் ஒரு பகுதி அக்கரையில் இருக்கிறது. கீழ் டிவிசன் என்போம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்கள், ஒரு சின்னக் கோயில், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஒரு பிள்ளை மடுவம். பாடசாலை, மருந்து, கடை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எல்லாம் இக்கரையில். ரோட்டால் சுற்றி வந்தால் காலையில் பாதி போய்விடும். அதனால் தோட்டத்துக் கம்பெனி ஒரு பைபர் படகு விட்டிருந்தது. சிவலிங்கம் ஒன்பது வருடமாக அதை ஓட்டினான்.

தண்ணீர் வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தில் ஒரு ரோட்டு இருந்தது. என் அப்பா அதில் நடந்து டவுனுக்குப் போயிருக்கிறார். ரோட்டின் ஓரத்தில், வண்டி பள்ளத்தில் விழாமல் இருக்க, இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் தூண்கள் நட்டிருந்தார்களாம். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது ரோட்டோடு அவையும் உள்ளே போய்விட்டன. பிறகு யாரும் அவற்றைப் பற்றி நினைக்கவில்லை.

தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் அந்தக் கற்களுக்கு மேலே படகு தாராளமாகப் போகும். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு மழையே இல்லை. நீர்மட்டம் நாளுக்குக் கொஞ்சமாக இறங்கியது. கரையோரம் சிவப்பு மண் பட்டையாகத் தெரிந்தது. சிவலிங்கம் வழக்கமான பாதையிலேயே வந்தான். பாதை மாறவில்லை. அதற்குக் கீழே இருந்த ஆழம் மாறியிருந்தது.

நான் அப்போது கடலை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. இரத்த அழுத்தம் என்று கப்பல் வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் காலையில் அந்த இறங்குதுறைக்குப் போய் நிற்பேன். தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முடியாத பழக்கம், வேறு காரணம் இல்லை.

"காலையில குடிக்கிறவன் இல்ல"

இரண்டு நாளில் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. சிவலிங்கம் குடித்துவிட்டு ஓட்டினான் என்று.

அவன் பின்னேரங்களில் குடிப்பவன்தான். அதை நான் மறைக்கவில்லை. அன்று அவன் பக்கத்தில் போய் நின்றவன் நான். அவனிடமிருந்து வந்தது தேத்தண்ணி வாசம். அதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. படகின் என்ஜினைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் படகு கரையில் கிடந்தது.

சிவலிங்கம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, கொழும்புல இருந்து விசாரணைக்கு ஆள் வராங்களாம். நான் குடிச்சிருந்தேன்னு எழுதி என்னை நிப்பாட்டப் போறாங்க. நான் காலையில குடிக்கிறவன் இல்லண்ணே. அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்குவோம்" என்றேன்.

"எப்படி?"

"அளந்து பாப்போம்."

சொல்லிவிட்டேனே தவிர, உடம்பு வேண்டாம் என்றது. முப்பது வருடம் இதையே செய்து களைத்துத்தான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

சவர்க்காரமும் படிக்கல்லும்

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். பாக்டரியில் பழைய தராசு ஒன்றின் படிக்கல் கிடந்தது. அடியில் சின்னப் பள்ளம் உள்ள இரும்புக்கல். அதைக் கயிற்றில் கட்டி, கைமுழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். பள்ளத்துக்குள் துணி துவைக்கும் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தேன்.

"இது எதுக்குண்ணே?" என்றான்.

"அடியில எது இருந்தாலும் இதுல ஒட்டிக்கிட்டு வரும். சேறா, மணலா, கல்லான்னு தெரியும்."

என்ஜின் இல்லாததால் மூங்கில் கழியால் தள்ளிப் போனோம். அவன் கல்லை இறக்குவான், முடிச்சை எண்ணிச் சொல்வான். நான் எழுதுவேன். எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்குக் கரையைப் பார்ப்பேன். பாக்டரிப் புகைக்குழாய்க்கு நேரே இக்கரைக் கோயிலின் மணிக்கூண்டு வந்தால் ஒரு கோடு. பாடசாலைக் கூரைக்கு நேரே பெரிய சவுக்கு மரம் வந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் படகு இருக்கிறது.

முதலில் சேறுதான் வந்தது. நாலாம் நாள் சவர்க்காரத்தில் கறுப்புப் பருக்கை ஒட்டியிருந்தது. தாரும் சல்லியும். சிவலிங்கம் அதை நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தான்.

"ரோட்டு" என்றான்.

அதற்குப் பிறகு ரோட்டோரத் தூண்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. படிக்கல் இறங்கும்போது சட்டென்று மேலேயே தட்டும். ஒரு அடி தள்ளிப் போட்டால் ஆழமாகப் போகும். அப்படி ஏழு தூண். படகு மோதியது மூன்றாவதில். அதன் தலையில் என்ஜின் தகடு கீறிய பளபளப்பு இருந்ததைத் தெளிந்த வெயிலில் கண்ணாலேயே பார்த்தோம்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டேன். ஏழு தூணையும் குறித்தேன். தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கினால் எந்த வழி மூடும் என்று எழுதினேன். பாடசாலைப் பக்கமாக வந்து கரையேறும் ஒரு புது வழியையும் கோடு போட்டுக் காட்டினேன்.

பாதிக் கோட்டில் பேனையை எடுத்துவிட்டேன். சிவலிங்கம் அதைக் கவனித்துவிட்டான்.

"என்னண்ணே, முடியலையா?"

அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

மேசையில் செய்யாத வேலை

கடதாசி வரைபடங்கள் இருந்த காலம் அது. நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கடல் வரைபடங்களைத் திருத்துவதும் பயணத் திட்டம் போடுவதும் இரண்டாம் அதிகாரியின் வேலை.

உலகத்தில் எங்காவது ஒரு துறைமுகத்தில் மணல் சேரும், ஒரு மிதவை இடம் மாறும், ஒரு பாலத்தை இடிப்பார்கள். அவற்றையெல்லாம் அறிவித்து வாராவாரம் சின்னப் புத்தகம் ஒன்று வரும். அதைப் பார்த்து, எங்கள் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடி, ஊதா மையில் திருத்த வேண்டும். திருத்திய பிறகு வரைபடத்தின் கீழ் மூலையில் அறிவிப்பு இலக்கத்தை எழுத வேண்டும். எங்கள் கப்பலில், திருத்திய திகதியை எழுதித் தனியாக ஒரு புத்தகத்திலும் பதிய வேண்டும்.

திட்டமும் அப்படித்தான். கயிறு போட்டுக் கட்டிய துறையிலிருந்து அடுத்ததாகக் கட்டப்போகும் துறைவரை, ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே மேசையில் போட்டுவிட வேண்டும். எந்த வேகத்தில் நெருங்குவது, எங்கே திரும்புவது, எந்த இடத்துக்கு அப்பால் போனால் ஆபத்து, திட்டம் கெட்டால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். துறையை நெருங்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. அவ்வளவு பெரிய இரும்பை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

என் வழக்கம் வேறாக இருந்தது. வழிகாட்டியான பைலட் ஏறும் இடம்வரை திட்டம் போடுவேன். அதற்கப்பால் அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவேன். அந்த மாதங்களில் நாங்கள் துறைமுகம் துறைமுகமாக ஓடிக்கொண்டிருந்தோம். தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அறிவிப்புப் புத்தகங்கள் மேசை லாச்சிக்குள் சேர்ந்தன. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

ஒரு பின்னேரம் ஆற்றுமுகத் துறைமுகம் ஒன்றில் கட்டப் போனோம். கேப்டன் பர்மாக்காரர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். பைலட் அந்தத் துறைக்குப் புதியவர். கப்பலைத் திருப்பும் முன்னால் கேப்டன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"துறைக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா, செகண்ட்?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"இல்லை, சேர். சுத்தமாக இருக்கிறது."

இருந்தது. பழைய மேடையொன்றை இடித்துவிட்டு, அதன் அடிக்கால்களைத் தண்ணீருக்குள் அப்படியே விட்டிருந்தார்கள். அதைச் சொல்லும் அறிவிப்பு என் லாச்சிக்குள் கிடந்தது.

கப்பலின் பின்பக்கம் அந்தக் கால்களில் ஏறியது. நடுங்கிக்கொண்டு முன்னால் தள்ளுண்டு போய், துறையின் ஓரத்தை உரசிக் கிழித்தது. கப்பல் கயிற்றைப் பிடிக்கத் துறையில் நின்ற தொழிலாளி ஒருவர் குதித்துத் தப்பும்போது இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கிப் போகும்போது அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எல்லோரும் கீழே ஓடினார்கள். வரைபட அறையில் நான் மட்டும் இருந்தேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. லாச்சியைத் திறந்து அந்த அறிவிப்பைத் தேடி எடுத்தேன். ஊதா மையில் அந்தக் கால்களை வரைபடத்தில் குறித்தேன். மூலையில் இலக்கத்தை எழுதினேன். புத்தகத்தில் மூன்று வாரத்துக்கு முந்திய திகதியைப் போட்டேன்.

நிமிர்ந்தபோது கேப்டன் கதவடியில் நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். என் பேனையைப் பார்த்தார்.

"மை காய்ந்த பிறகு மடித்து வை" என்றார்.

விசாரணையில், வரைபடத்தில் இருந்ததைக் கேப்டன் கவனிக்கவில்லை என்று முடிவானது. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு வேலை போனது. நான் அதே கப்பலில் அடுத்த துறைமுகத்துக்குப் போனேன்.

சிவலிங்கத்தின் கேள்வி

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிவலிங்கம் கழியைத் தண்ணீரில் ஊன்றிப் படகை நிறுத்தினான்.

"அந்த கேப்டன் இப்ப எங்க இருக்காரு?"

"தெரியாது."

"தேடிப் பாத்தீங்களா?"

"இல்ல."

அவன் என்னைத் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கல்லை எடுத்துத் தண்ணீரில் இறக்கினான்.

"ஒம்பது முடிச்சு. எழுதுங்க" என்றான்.

தோட்ட ஆபீசில்

விசாரணை தோட்ட ஆபீசில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தை நடத்தும் துரை; முப்பத்தைந்து வயதுகூட இல்லாத சிங்கள இளைஞர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் பக்கத்தில் கொழும்பிலிருந்து கம்பெனி அனுப்பிய அதிகாரி, தமிழர். சிவலிங்கம் சுவரோரம் நின்றான். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நான் வரைபடத்தை விரித்தேன். ஏழு தூணையும் காட்டினேன். சவர்க்காரத்தில் வந்த தாரையும் சல்லியையும் ஒரு போத்தல் மூடியில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதையும் வைத்தேன்.

அதிகாரி குனிந்து நெடுநேரம் பார்த்தார். மரியாதையான மனிதர்தான்.

"நல்லா செஞ்சிருக்கீங்க, மிஸ்டர் அந்தோணி. இத நாங்க எடுத்துக்கிறோம். இந்தப் புது வழியில படகை அடுத்த கிழமையே விடலாம்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"ஒரேயொரு விசயம்" என்றார். "இதுல தேதி இல்ல. பொங்கலுக்கு முந்தின தேதி ஒண்ணப் போட்டுக் குடுத்துடுங்க. கம்பெனி ஏற்கெனவே இந்த மெப்பப் போட்டு, படகோட்டிக்குக் குடுத்திருந்துச்சுன்னு ஆயிடும். வேலை சுளுவா முடிஞ்சிடும்."

"அப்ப சிவலிங்கம்?"

"அவருக்கு மலையில வேற வேலை குடுப்பாங்க. படகுக்கு வேற ஆளப் போடுவோம்."

"தேதி போடலைன்னா?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப கம்பெனி மெப் இல்லாம படகு ஓட்டியிருக்குன்னு வரும். படகையே நிப்பாட்டச் சொல்லிடுவாங்க. கீழ் டிவிசன் ஆளுங்க பாவம். யோசிச்சுக்குங்க."

துரை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேனையை யாரோ என் பக்கம் நகர்த்தினார்கள்.

நான் வீரமாக ஒன்றும் நினைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். களைப்புத்தான் முதலில் வந்தது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. படகு ஓடும், பிள்ளைகள் பாடசாலைக்கு வருவார்கள், யாரும் இனிக் கல்லில் மோத மாட்டார்கள். ஒருத்தன் மட்டும் கெட்ட பேரோடு மலையில் புல்லு வெட்டுவான். இந்தக் கணக்கை நான் முன்பே ஒருமுறை போட்டிருந்தேன்.

சிவலிங்கம் என்னைப் பார்க்கவில்லை. தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பேனையை எடுத்து அன்றைய திகதியைப் போட்டேன். கீழே, 'அளந்தவர்கள்' என்று எழுதி, என் பெயரையும் அவன் பெயரையும் எழுதினேன்.

அதிகாரி அதை வாசித்தார். வரைபடத்தை மடித்து ஒரு பைலுக்குள் வைத்தார்.

"உங்க இஷ்டம்" என்றார்.

சுற்றுவழி

யார்மீதும் குற்றமில்லை, நீர்மட்டம் இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

கீழ் டிவிசன் ஆட்கள் சுற்றுவழியில் நடக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் விடியுமுன்னே புறப்பட்டார்கள். பிள்ளைகள் பாடசாலைக்கு வரும்போது இரண்டாம் பாடம் முடிந்திருக்கும். சில பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை ஆட்டோ கிடைக்காமல் பாதித் தூரம் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை.

டவுன் பஸ்ஸில் கீழ் டிவிசன் ஆள் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு தேதி போடுறதுக்கு ஒங்களுக்கு என்னங்க கஷ்டம்? எங்க புள்ளைங்கதானே நடக்குது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நடப்பது நானில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அந்த வாரம் கேப்டனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். பழைய கப்பல் நண்பர் ஒருவர் தந்த முகவரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை.

எட்டாவது கல்

பங்குனி முடியும்வரை மழை இல்லை. நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டே போனது. ஒருநாள் காலை சிவலிங்கம் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணே, வாங்க. ரோட்டு தெரியுது."

இறங்குதுறைக்குப் போனோம். வெடித்த சேற்றுக்கு நடுவில் பழைய ரோட்டு வளைந்து கிடந்தது. ஓரத்தில் கருங்கல் தூண்கள், பாசி காய்ந்து வெளுத்து, வரிசையாக நின்றன. தோட்டத்து ஆட்கள் பலர் வந்து பார்த்தார்கள். சிவலிங்கம் குடித்துவிட்டு ஓட்டினான் என்று சொன்னவர்களும் வந்து, மூன்றாவது கல்லின் தலையில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தார்கள்.

எனக்கு மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. நாங்கள் போட்ட வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

"அண்ணே" என்றான் சிவலிங்கம், மெதுவாக. "எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். எட்டு.

எட்டாவது தனியாக, மற்றவற்றிலிருந்து விலகி, பாடசாலைப் பக்கம் நின்றது. நான் கோடு போட்டுக் காட்டிய புது வழியின் நேர் நடுவில் நின்றது.

நாங்கள் இரண்டு கையும் விரித்த அகலத்துக்கு ஒருமுறை படிக்கல்லை இறக்கினோம். அந்தத் தூண் இரண்டு இறக்கத்துக்கும் நடுவில் தப்பிவிட்டது. அன்று நான் பழைய திகதியைப் போட்டிருந்தால், அடுத்த கிழமையே புதுப் படகோட்டி என் கோட்டைப் பார்த்துக்கொண்டு, படகு நிறைய ஆட்களோடு, அந்தக் கல்லின் மேல் வந்திருப்பான்.

நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரியானதைச் செய்தேன் என்ற நினைப்பு அந்த நிமிடமே போய்விட்டது. திகதி உண்மை. வரைபடம் பிழை.

சிவலிங்கம் என் பக்கத்தில் குந்தினான்.

"தண்ணி வர முந்தி நடந்தே அளந்துடலாம்ணே. இப்ப எல்லாம் தெரியுதுதானே."

மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை சேற்றில் நடந்து, கயிறு பிடித்து, ஒவ்வொரு கல்லையும் குழியையும் மரக்கட்டையையும் அளந்தோம். மூன்றாம் நாள் துரை கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். கயிற்றின் மறுமுனையை வாங்கிக்கொண்டார்.

"என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே நான் பேசியிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்காமலே பேசியிருக்கணும்" என்றார்.

கம்பெனியோடு எழுதியும் பேசியும் அவர் பட்ட பாட்டை அவர்தான் சொல்ல வேண்டும். கல்லை உடைக்க வழியில்லை என்றார்கள். பிறகு இறங்குதுறையை மாற்றலாம் என்றார்கள். பிறகு யோசிக்க வேண்டும் என்றார்கள். மழை வந்து தண்ணீர் ஏறிக் கற்கள் மறைந்தன. இன்னொரு வருடப் பொங்கலும் வந்து போனது. அதற்குப் பிறகுதான் ஒரு கடிதம் வந்தது.

புது இறங்குதுறை

இப்போது படகு இக்கரைக் கோயிலுக்குக் கீழே வந்து நிற்கிறது. கரையில் வெள்ளையடித்த இரண்டு கம்பங்கள், ஒன்று முன்னால், ஒன்று மேட்டில். இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி வந்தால் அடியில் ஆழம் உண்டு. கரைப் பாறையில் சிவப்புப் பட்டை பூசியிருக்கிறோம். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் படகு ஓடாது. வரைபடம் தோட்ட ஆபீசிலும் படகிலும் தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் நானும் சிவலிங்கமும் போய் மறுபடி அளக்கிறோம். என் முழங்கால் இப்போது சரியில்லை. அவன்தான் பெரும்பாலும் அளக்கிறான்.

படகு மறுபடி ஓடிய முதல்நாள் அக்கரையில் நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தெய்வானை அக்கா கடைசியாக வந்தார். வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். அன்று மருந்தெடுக்கப் போக வேண்டியிருந்தது. கம்பு ஊன்றி, பாதிப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து மெதுவாக நடந்து வந்தார்.

சிவலிங்கம் இறங்கி வந்து கை கொடுத்தான். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் கம்பங்களைப் பார்த்தார். படகில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க அளந்து செஞ்சதாமே?"

"நானும் சிவலிங்கமும், அக்கா."

"கப்பல்ல இதுதானே ஒங்க வேலை?"

"ஆமா."

"மூணு வருஷமா தெனமும் காலையில அந்தப் படியில வந்து தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பீங்களே, தம்பி." குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல்தான். "எனக்கு இப்படி ஆவுறதுக்கு முந்தியே ஒருநாள் அளந்து பாத்திருக்கலாம்ல?"

படகிலிருந்த பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"அளந்திருக்கலாம், அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கம்பைப் படகுக்குள் வைத்துவிட்டு, அதன் பிறகு சிவலிங்கத்தின் கையைப் பிடித்து ஏறினார்.